வகுப்பில் இருக்கிறது, சரி, படிக்கிறதா? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், அன்று மாலைச் செய்தியில் ‘டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பு’ என்று வரும். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அதை வைத்து விதை நெல்லை ஊறப்போட முடியாது. கல்லணைக்கு வரவேண்டும், வெண்ணாற்றில் பிரியவேண்டும், முறை வைத்து விடுவார்கள், வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் கடைமடை வயல் நனையும்.

அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம், எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு செய்தோம், முன்பெஞ்சில் உட்காரவைத்தோம் என்பதெல்லாம் அணை திறந்த கணக்குதான். பாடம் அந்தப் பிள்ளைவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேறு வேலை செய்யவேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண். காது சரியாகக் கேட்காது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் எடுத்து எழுதிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘நன்று’ போட்டுக் கையெழுத்திட்டவன் நான். ஒருநாள் அதன் நோட்டையே கொடுத்து, அது எழுதியதை வாசிக்கச் சொன்னேன். ஒரு வரி வரவில்லை. அது அத்தனை நாளும் எழுத்துகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தது. நான் ஓவியத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உலக அளவிலும் இதுதான் கதை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2022இல் கேம்பல் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, பொதுவகுப்பில் சேர்ப்பது மட்டுமே சராசரியாக மதிப்பெண்ணை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது. இதைக் காட்டி ‘அப்படியானால் சிறப்புப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே’ என்பவர்கள் உண்டு. நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். எந்தக் கட்டடத்தில் உட்கார்கிறது என்பதைவிட, உட்கார்ந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அது பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

முதல் மூன்று வாரம்: பெயர் வைக்காமல் பாருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘கவனம் இல்லை’ என்பது தீர்ப்பு. ‘மூன்றாவது வரிசையில் இருந்தபோது கூப்பிட்டேன், திரும்பவில்லை, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன், திரும்பினான்’ என்பது பார்த்தது. பின்னால் டாக்டருக்கும் சிறப்புப் பயிற்றுநருக்கும் பயன்படுவது இரண்டாவதுதான்.

முதலில் காதைப் பாருங்கள். ஆற்றிலும் குளத்திலும் குளித்து வளரும் பிள்ளைகளிடம் காதில் சீழ் வடிவது நம் பக்கம் அவ்வளவு சாதாரணம் என்பதால் யாரும் அதை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. சீழ் இருக்கும் வாரம் பாதிதான் கேட்கும், காய்ந்ததும் ஓரளவு கேட்கும். அதனால்தான் ‘நேற்று நல்லாத்தானே பதில் சொன்னான், இன்றைக்குத் திமிர்’ என்று நமக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் பின்னால் நின்று, வாயசைவு தெரியாமல், மெதுவான குரலில் ஆடு, மாடு, கோழி என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இது மருத்துவச் சோதனை ஆகாது. ஆனால் யாரை டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவு செய்ய இது போதும்.

அடுத்தது கண். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, வெயிலில் கண்ணை இடுக்குவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும் பிரச்சினைக்கு ‘மந்தம்’ என்று பெயர் வாங்கி நாலு வருடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் வாசிப்பு. அந்தப் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையில்லாமல் வாசிக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை வருடம் முழுக்கப் பயன்படுத்தப்போகிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பத்தை வைத்து ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ந, ன இரண்டும் பேச்சில் ஒரே ஒலி. ழகரத்தைப் பேச்சில் ளகரமாக்கும் ஊரில் பிள்ளை மட்டும் சரியாக எழுத வேண்டும் என்றால் எப்படி? நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. அவற்றைக் கீழே பாடப் பகுதியில் சொல்கிறேன்.

காகித வேலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாமுக்கும் பிள்ளையை அழைத்துப்போகச் சொல்லுங்கள். சான்றிதழும், யூடிஐடி என்று எல்லோரும் சொல்லும் தனித்துவ அடையாள அட்டையும் அந்த வழியில் கிடைக்கும். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, உதவி உபகரணம் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. 1995 சட்டத்தில் 7 மட்டுமே இருந்தன. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அந்தப் பழைய பட்டியலில் இல்லை, புதியதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. தேர்ந்தெடுப்பது பெற்றோர். ‘எங்களிடம் வசதியில்லை, வேறு இடம் பாருங்கள்’ என்று அரசுப் பள்ளியோ, அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியோ சொல்ல அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம். வகுப்பில் செய்யவேண்டிய மாற்றத்துக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. கேட்காத பிள்ளையை மின்விசிறிக்கு அடியிலிருந்து நகர்த்த யாருடைய முத்திரையும் வேண்டாம்.

ஒரே பக்கத்தில் ஒரு திட்டம்

தனிநபர் கல்வித் திட்டம் என்று பல பக்கப் படிவங்கள் இருக்கின்றன. நிரப்பிக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் நீங்கள் தினம் பார்க்கப்போவது ஒரு பக்கமாக இருக்கட்டும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்.

அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். இன்றைக்கு எங்கே நிற்கிறது? தீபாவளிக்குள் எங்கே வரவேண்டும்? அதற்கு நான் தினம் என்ன செய்வேன்? ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் பிள்ளைக்கும் உதவாது. ‘ஜூலை 1: ஒரு நிமிடத்தில் 11 சொல். ஒற்றை விட்டுவிடுகிறாள். அக்டோபர் முடிவில் 25 சொல். தினம் காலை பத்து நிமிடம், ஒற்றுள்ள சொல் ஐந்து’ என்று எழுதிப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே ஒரு நிமிடச் சோதனையை வைத்து எண்ணைக் குறியுங்கள். மூன்று முறை தொடர்ந்து எண் ஏறவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், முறையை மாற்றுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம் இல்லையா? அந்த ஏற்பாடு இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. ஒரே வகுப்பில் வெவ்வேறு வேலை நடப்பது யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை. ஆனால் ஒரு பள்ளம் உண்டு. வருடம் முழுக்க அரும்பிலேயே வைத்துவிட்டால் அரும்பு என்பது முகவரி ஆகிவிடும். கண் தெரியாத பிள்ளை கணக்கில் மலராகவும் எழுத்தில் அரும்பாகவும் இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்படி எண் போட்டுப் பார்க்காவிட்டால், ஒன்பதாம் வகுப்பில்தான் எல்லாம் ஒரே நாளில் தெரியவரும்.

அறையைச் சரிசெய்வது

காது மிஷின் போட்ட பிள்ளையிலிருந்து தொடங்குவோம். மிஷின் எல்லா ஒலியையும் சேர்த்துத்தான் கூட்டித் தரும். டீச்சர் குரலை மட்டும் பிரித்தெடுக்காது. நீங்கள் ஆறு அடிக்குள் இருந்தால்தான் உங்கள் குரல் தெளிவாக இருக்கும். ஜன்னலும் சாலையும் எந்தப் பக்கம், சத்துணவுக் கூடம் எந்தப் பக்கம் என்று பார்த்து, சத்தத்துக்கு முதுகு காட்டும்படி உட்காரவையுங்கள். தகரக் கூரையில் ஐப்பசி மழை விழும்போது மிஷினால் எந்தப் பயனும் இல்லை. அந்த நேரத்துக்கு எழுத்து வேலையை ஒதுக்குங்கள்.

குறைபார்வைப் பிள்ளைக்குக் கரும்பலகையில் கண்கூசும் வெளிச்சம் விழக்கூடாது. பலகை நரைத்துப்போயிருந்தால் முதலில் கறுப்படியுங்கள். ஒரு டப்பா பெயிண்டில் வகுப்பு முழுக்க லாபம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நாற்காலியில் கால் தொங்கிக்கொண்டிருந்தால் எழுத்து ஒருபோதும் நிற்காது. பாதத்துக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துப் பாருங்கள், கை தானாகச் சற்று அடங்கும். பேனாவில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி கிடைக்கும்.

சாய்தளம் பற்றி எனக்கு ஒரு தீராத ஆதங்கம். விதி 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். டெல்டாவில் வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக் கட்டடங்களைத் தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி தூக்கித்தான் கட்டுகிறோம். மூன்றடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும், நடுவில் திரும்பும் இடமும் வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதே மூன்றடிக்கு எட்டடியில் ஒரு சரிவு கட்டி முடித்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். சக்கர நாற்காலி ஒருநாளும் ஏறவில்லை. கட்டும்போதே டேப் வைத்து அளந்து பாருங்கள். கட்டி முடித்தபின் மனு எழுதுவதைவிட அது எளிது.

கழிப்பறை? வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் எதனால் மாதத்தில் சில நாள் வருவதில்லை என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கைப்பிடிக் கம்பியும், உள்ளே தாழ்ப்பாளும், தண்ணீரும் இல்லாத இடத்தில் வாசிப்புத் திட்டம் போட்டு என்ன பயன்?

பாடம் நடத்துவது

இதுதான் முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

முதலில் வாசிக்கத் திணறும் பிள்ளை. தமிழ் எழுத்துக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தை வைத்து எழுதிய டிஸ்லெக்சியா கையேடுகள் அவற்றைச் சொல்லாது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலம் போகிறது, நாக்கு தலைகீழாகப் போகவேண்டும். ‘கொ’வில் இன்னும் மோசம், குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது, பிள்ளை ‘கெ... கா’ என்று வாசிக்கும். ‘கௌ’வில் கடைசிக் குறி ‘ள’ மாதிரியே இருப்பதால் ‘கெள’ என்று வாசிக்கும். அது பிள்ளையின் தப்பு என்று எப்படிச் சொல்வது? கெ-கே, கொ-கோ வித்தியாசம் கொம்பில் ஒரே ஒரு சுழிதான். போதாததற்கு, கடல், அகல், தங்கம் மூன்றிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது.

மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் மூன்றாம் வகுப்புக்குள் கடந்துவிடுவார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்பிலும் கொம்புக் குறியில் தொடர்ந்து தடுக்குவது, புள்ளியை விட்டு ‘பட்டம்’ என்பதைப் ‘படடம்’ என்று எழுதுவது, வாயால் கதையாகச் சொல்வதில் பாதியைக்கூட எழுத்தில் சொல்ல முடியாமல் தவிப்பது இவை சேர்ந்து வந்தால் அங்கே நில்லுங்கள்.

அப்படிப்பட்ட பிள்ளையிடம் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒப்பிக்க வரும், வாசிக்க வராது. ட, ப, ம, ய என்று வடிவத்தில் நெருங்கிய எழுத்துகளை எடுத்து, அவற்றிலேயே சொல் அமைத்து (படம், மடம், பயம்) வாசிக்கவிடுங்கள். குறிகளில் முதலில் ‘ா’, அப்புறம் ‘ி’, ‘ீ’. எழுத்தோடு ஒட்டி வடிவத்தை மாற்றும் ‘ு’, ‘ூ’ பிறகு. கொம்பு கடைசியில். கொம்பை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் எழுதுங்கள். ஒவ்வொரு குறியும் முப்பது சொல்லிலாவது தடுமாறாமல் வந்தபின் அடுத்ததற்குப் போகலாம். மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்வது பழைய திண்ணைப் பள்ளி முறைதான். இன்றும் அது வேலை செய்கிறது.

வாசிப்பு வரும்வரை அறிவியலும் சமூகவியலும் காத்திருக்கக் கூடாது. பாடத்தை யாராவது வாசித்துக் காட்டட்டும், பிள்ளை வாயால் பதில் சொல்லட்டும், அதற்கு மதிப்பெண் போடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் ஒரு தடை, எல்லாப் பாடத்திலும் தடையாகிவிடும்.

காது கேளாத பிள்ளைக்குத் தமிழில் வேறொரு கண்ணி இருக்கிறது. நம் மொழியில் பொருள் சொல்லின் வாலில் தொங்குகிறது. அண்ணனை, அண்ணனுக்கு, அண்ணனால், அண்ணனோடு. பேசும்போது அந்த வாலைத்தான் விழுங்கிவிடுகிறோம். குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு ‘அண்ணன்’ மட்டும் கிடைக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது கிடைப்பதில்லை. அதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்த பிள்ளை வாக்கியத்தில் தவறுகிறது. உருபுகளுக்கு நிறம் கொடுங்கள், ‘-ஐ’க்கு நீலம், ‘-கு’வுக்குப் பச்சை என்று. பிள்ளைகளையே நிறுத்தி, புத்தகத்தைக் கைமாற்றிக் காட்டி, அதை வாக்கியமாக எழுதுங்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு உதவியது இதுதான். ஆறு மாதம் ஆயிற்று, நாலு வரிக் கதையைப் படித்து ‘யார் யாருக்குக் கொடுத்தார்’ என்ற கேள்விக்குச் சரியாகக் கை காட்டுவதற்கு.

பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும், இந்தப் பிள்ளை முதலில் ஆட்டும். ‘என்ன புரிஞ்சுது, காட்டு’ என்று கேளுங்கள். சைகை மொழி தெரிந்த பிள்ளையாக இருந்தால் தினம் இரண்டு சைகையை அது வகுப்புக்குக் கற்றுக்கொடுக்கட்டும். நீங்களும் வரிசையில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

பார்வையில்லாத பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் ‘இது’, ‘அது’. ‘இதையும் இதையும் கூட்டி, இதால வகுத்தா இது வரும்’ என்று பலகையைத் தட்டிச் சொல்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பாடத்தை ஒருமுறை நீங்களே கேட்டுப் பாருங்கள். ‘பன்னிரண்டையும் எட்டையும் கூட்டி, நாலால் வகுத்தால் ஐந்து’ என்றால் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து நல்லது. வரைபடத்துக்குத் தடித்த நூலைப் பசை போட்டு ஒட்டுங்கள். காவிரி முக்கொம்பில் கொள்ளிடமாகவும் கல்லணையில் வெண்ணாறாகவும் பிரிந்து போவதை நூலில் தடவிப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. பிரெய்ல் கற்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆறு புள்ளியில் 63 வடிவம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அதே ஆறு புள்ளிதான். ‘போன்தான் வாசித்துக் காட்டுதே’ என்பார்கள். போன் வாசிக்கும், சரி. ஒற்று எங்கே மிகும் என்பது பிள்ளைக்கு விரலில்தான் தெரியும்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பல வகுப்புகளில் ஒரு கலர் பென்சில் டப்பாவும் ஒரு படப் புத்தகமும் கொடுத்துப் பின்வரிசையில் வைத்துவிடுவார்கள். வருடத்துக்கு 200 நாள் கிளிக்குப் பச்சை அடித்தால் என்ன வரும்? வகுப்பு படிக்கும் அதே பாடத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கொடுங்கள். வகுப்பு நீர்ச் சுழற்சி படித்தால் இந்தப் பிள்ளை மழை, ஆறு, கடல் என்ற மூன்று சொல்லைப் படத்தோடு பொருத்தி வாசிக்கட்டும். வகுப்பு சதவீதம் போட்டால் இது பத்து ரூபாய்க்குச் சில்லறை வாங்கட்டும். பத்துகளைச் சொல்லித்தர ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். நாற்றுமுடி கட்டிப் பார்த்த பிள்ளைக்கு ‘ஒரு முடி, உதிரி மூன்று’ என்றால் பதின்மூன்று உடனே விளங்கும்.

இந்த மாதிரி ஊர்க் கணக்கு பெரிய பிள்ளைகளுக்கும் உதவும். பின்னம் வராமல் தவித்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பா குத்தகைக்கு வயல் பார்ப்பவர். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது அவனுக்கு மனப்பாடம். ‘அப்போ ஒரு மா எவ்வளவு?’ என்று கேட்டேன். ‘மூணில் ஒண்ணு’ என்றான், இது ஒரு கேள்வியா என்பதுபோல. அன்றைக்கு அவன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாளைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டிவையுங்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் வாரத்தில் பிள்ளை நிலைகொள்ளாமல் இருந்தால் அதைச் சேட்டை என்று எழுதாதீர்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாள்

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். உங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தாலே நல்ல காலம். அன்று பிள்ளையை ஒரு மூலைக்கு அழைத்துப்போய் அவர் பாடம் நடத்த, நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்தால், மீதி நாலு நாளும் அந்தப் பிள்ளைக்குப் பட்டினி. அவரை உங்கள் வகுப்பிலேயே உட்காரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தைக் காட்டி, ‘இதில் இந்தப் பிள்ளைக்கு எதை வெட்டிக் கொடுக்கட்டும், எப்படிக் கேட்கட்டும்?’ என்று கேளுங்கள். அரைமணி நேரம் போதும்.

இங்கிலாந்தில் 2003 முதல் 2009வரை துணை ஆசிரியர்களின் வேலையைக் கவனித்த ஒரு பெரிய ஆய்வு, துணை ஆசிரியரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அதே நிலையிலிருந்த மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. துணைக்கு ஆள் இருந்ததால் வகுப்பாசிரியர் கையைவிட்டுவிட்டார் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் ஊரிலும் ‘அது ஸ்பெஷல் டீச்சர் பிள்ளை’ என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள்.

பொதுத்தேர்வு

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டு மொழிப்பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு, தரைத்தளத்தில் இடம் எனப் பல உதவிகள் உண்டு. குறைபாட்டின் வகையைப் பொறுத்து மாறும். தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்றது. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். இவற்றைச் ‘சலுகை’ என்கிறோம். படிவத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இவை உரிமை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்குச் சொல்வதை எழுதும் எழுத்தர் உண்டா என்ற வழக்கில், 40 சதவீதச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே 40 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வந்தது.

செப்டம்பரிலேயே காகிதங்களைத் திரட்டுங்கள். அதைவிட முக்கியம் பழக்கம். சொல்லி எழுதவைப்பது தனிக் கலை. ‘அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் இரண்டு, அடைப்புக்குறி முடிந்தது, அதன் இருபடி’ என்று கணக்கை வாயால் சொல்லிப் பழகாத பிள்ளை தேர்வு மண்டபத்தில் அரைமணி நேரத்தை இழந்துவிடும். காலாண்டிலிருந்தே எல்லாத் தேர்வையும் எழுத்தரோடு நடத்துங்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்து பழகவேண்டும், நடுவில் கழிப்பறைக்குப் போய்வரப் பழகவேண்டும். மொழிவிலக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆறாம் வகுப்பிலேயே ‘எப்படியும் விலக்கு இருக்கே’ என்று வாசிப்பைக் கைவிடுவதுதான் தவறு.

வீட்டில் பேசும்போது

அம்மா பெரும்பாலும் நடவிலோ களையெடுப்பிலோ இருப்பார். காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு ‘அக்கறை இல்லை’ என்று எழுதாதீர்கள். சாயங்காலம் போகும் வழியில் வாசலில் நின்று பேசுங்கள். ‘அம்மா, உங்க பொண்ணு இந்த மாசம் 18 சொல் வாசிக்கிறா, போன மாசம் 11’ என்று எண்ணிலிருந்து தொடங்குங்கள். குறையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வீட்டில் இந்த ஒரு எண் செய்யும் வேலையை நேரில் பார்க்கவேண்டும்.

மழையும் தீயும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளே வெளியே வரமுடியாத நெரிசல் அது. உங்கள் பள்ளியில் மணி கேட்காத பிள்ளையை யார் தொட்டு எழுப்புவார்? சக்கர நாற்காலிப் பிள்ளையை எந்த இரண்டு பேர் தூக்குவார்கள்? பெயர் எழுதிச் சுவரில் ஒட்டி, பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் பாலம் முழுகும் நாட்களில் பிள்ளை எந்த வழியாக வரும், வரமுடியாத வாரத்துக்கு யார் பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார் என்பதையும் அக்டோபருக்குள் முடிவு செய்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கூரையோடு பறந்ததில் காது மிஷினும் அடையாள அட்டையும் சேர்த்தி. சான்றிதழ்களைப் போனில் படமெடுத்து இரண்டு பேரிடம் வையுங்கள்.

அடுத்த பள்ளிக்கு அனுப்பும்போது

ஐந்தோ எட்டோ முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போதுதான் இவ்வளவும் சிந்திப்போகிறது. மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, நடத்தை எல்லாம் இருக்கும்; ‘இடது பக்கம் நின்று பேசினால் கேட்கும்’ என்பது இருக்காது. அந்த நாற்பது பக்க நோட்டு, ஒரு பக்கத் திட்டம், ஒரு நிமிட வாசிப்பு எண்கள், பிள்ளை கடைசியாக எழுதிய இரண்டு விடைத்தாள் இவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள், பெற்றோரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளையோடு நீங்களே போய், புது வகுப்பாசிரியரைப் பார்த்து, எந்த பெஞ்சில் உட்காரவேண்டும் என்பதைக் காட்டிவிட்டு வாருங்கள்.